தொட்டிச் சுவரில் ஒரு எண்

சாகட்டும். நான் ஒரு எழுத்தைக்கூட மாற்றப் போவதில்லை. வெள்ளைப்புள்ளி நோய் கண்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு பெரிய ஸ்பூன் கல்லுப்பு என்று புத்தகத்தில் இருக்கிறது, இருக்கிறபடியே போகட்டும். வாங்கினவன் கரைத்து ஊற்றட்டும், மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதக்கட்டும், அவன் இதை விற்ற கிருபாகரனைத் தேடிப் போய்ச் சட்டையைப் பிடிக்கட்டும். இப்படி நினைத்தால் நெஞ்சுக்குள் ஜில்லென்று இருக்கிறது, வெயிலில் வந்து மோர் குடித்த மாதிரி. ஆனால் இரண்டாவது வாயில் கல் அகப்பட்டுவிடுகிறது. எவன் வீட்டு மீன் செத்தாலும் போன் கிருபாகரனுக்குப் போகாது. இங்கேதான் வரும், இந்த மொட்டை மாடிக்கு, அதோ கைப்பிடிச் சுவர்மேல் பிளாஸ்டிக் கவருக்குள் கிடக்கிற அண்ணனின் போனுக்கு. அண்ணன் சற்குணம் சிமென்ட் தொட்டிக்குள் முழங்கைவரை கையை விட்டுப் பாசி எடுத்துக்கொண்டிருக்கிறார். நான் மாடிப்படி முடிகிற இடத்தில், தகரக் கூரைக்குக் கீழே, கவிழ்த்துப் போட்ட தெர்மாகோல் பெட்டிமேல் லேப்டாப்பை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். தகரம் காய்கிறது. சாயங்காலத்துக்குள் இந்தப் புத்தகத்தைப் புதுசாக்கி அனுப்ப வேண்டும், நாளைக்குக் கிருபாகரனின் பண்டிகை ஆஃபர். புதுசாக்குவதுதான் என் பிழைப்பு. எப்போதோ யாரோ எழுதின டிஜிட்டல் புத்தகங்கள் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும், மறுவிற்பனை உரிமையோடு. அதாவது வாங்குகிறவன் அட்டையில் தன் பேரையும் தன் மூஞ்சியையும் போட்டுத் தானே எழுதியதாக விற்கலாம், அவனிடம் வாங்குகிறவனும் அதையே செய்யலாம், அவனிடம் வாங்குகிறவனும். சரக்குப் பழசாகிவிட்டால் என்னிடம் வரும். வருஷத்தை மாற்று, மூடிப்போன இணையதளங்களை எடு, அட்டைக்குப் புது வண்ணம் அடி, கடைசியில் ஏஐ பற்றி ஒரு அத்தியாயம் சேர். போன வாரம் மாடித்தோட்டத்துக்கு ஏஐ, அதற்கு முந்தின வாரம் குழந்தைக்குப் பேர் வைக்க ஏஐ. இன்றைக்கு வண்ணமீன் வளர்ப்பில் ஏஐ எழுதி முடித்துவிட்டேன், கொஞ்சம்கூடக் கூசவில்லை. எல்லாவற்றையும்விட முக்கியமான வேலை, எழுதினவன் வாசனை எங்கே அடித்தாலும் துடைத்துவிடுவது. ஊர்ப் பேர், வீட்டுப் பேச்சு, ஒரு திட்டு, ஒரு சிரிப்பு, எதுவும் மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் அடுத்தவன் தன் பேரை ஒட்ட முடியாதே. இந்தப் புத்தகத்தை எனக்கு முன்னால் எத்தனை பேர் துடைத்தார்களோ, ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரி வழவழவென்று இருக்கிறது. எங்கள் அண்ணன் பேசினது அத்தனையும் இதற்குள்தான் இருக்கிறது, அண்ணன் மட்டும் இல்லை.

ஒருத்தர்கூடப் பார்க்காமல் விட்டது நாலாம் அத்தியாயத்துப் புகைப்படத்தை. எழுத்தைத் தேடி மாற்றுகிறவனுக்குப் படத்துக்குள் இருக்கிற எழுத்து சிக்காது. அதோ அண்ணன் கைவிட்டிருக்கிற அதே தொட்டி. சுவரில் வெள்ளைப் பெயின்ட்டால் அண்ணன் தன் கையால் எழுதினது, மேலே சற்குணம் மீன் பண்ணை, கீழே போன் நம்பர், ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு. மேல்பாதியை ஓரம் வெட்டும்போது எவனோ வெட்டிவிட்டான். பேர் போச்சு. நம்பர் பளிச்சென்று நிற்கிறது. எத்தனை பேர் பேரில் எத்தனை அட்டையோடு விற்றாலும் உள்ளே அந்த நம்பர் நிற்கிறது. அதற்குத்தான் கூப்பிடுகிறார்கள். புக் எழுதின டாக்டருங்களா? டாக்டர் இல்லீங்க, மீன்காரன். யோவ், உன் புக்கைப் பார்த்துதான்யா உப்பு போட்டேன், எல்லாம் மெதக்குது, என் பையன் சோறு திங்க மாட்டேங்கிறான், நீ நல்லா இருப்பியா? அண்ணன் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார். நான் அப்படிச் சொல்லலீங்க என்பார். அதை யார் நம்புவார்கள்? அண்ணன் சொன்னது பத்து லிட்டர் பக்கெட் ஒன்றுக்கு ஒரு ஸ்பூன். சொன்னபோது நான் பக்கத்தில் டீ டம்ளரோடு நின்றேன், பக்கெட்டைக் காலால் தட்டிக் காட்டித்தான் சொன்னார். நடுவில் துடைத்தவன் எவனோ, பக்கெட் என்பது புத்தகத்துக்கு லட்சணமாக இல்லை என்று லிட்டர் ஆக்கிவிட்டான். பத்துப் பங்கு உப்பு. இப்போது ஞாயிற்றுக்கிழமை மீன் சந்தையில் பக்கத்துக் கடை தேவசகாயம் சிரிக்கிறான், சற்குணங்கிட்ட மீன் வாங்கலாம், மருந்து மட்டும் கேட்டுடாதீங்க என்று. சும்மா கிண்டல்தான், ஆனால் வாங்க வந்தவர்கள் ஒரு அடி தள்ளி அவன் கடைப்பக்கம் நிற்கிறார்கள். அண்ணனிடம் இருந்தது கைராசிக்காரன் என்கிற அந்தப் பேர் ஒன்றுதான். நாளைக்கு ஆஃபரில் இது இன்னும் ஆயிரம் வீட்டுக்குப் போகும். ஆயிரம் வீட்டுத் தொட்டி. அப்புறம் அந்தப் பிளாஸ்டிக் கவருக்குள் இருக்கிற சாமான் ஓயவே ஓயாது.

கிருபாகரன் இதே படியில்தான் உட்கார்ந்தான், வெள்ளைச் சட்டையோடு, உட்காரும் முன் கைக்குட்டையை விரித்துக்கொண்டு. புத்தகம் போடப் போவதாகச் சொல்லி, போனை ஒரு குச்சியில் மாட்டி அண்ணனைப் பேசவிட்டுப் படம் பிடித்தான். உங்க கைக்குள்ள ஒரு யூனிவர்சிட்டியே இருக்கு தலைவா என்றான். அவனுக்கு எல்லாரும் தலைவா. அண்ணன் வெட்கப்பட்டு வலையை உதறினார், தண்ணீர் அவன் சட்டையில் தெறித்தது, பரவால்ல தலைவா, இது தீர்த்தம் என்றான். அந்த நொடியிலேயே அவனைத் தொட்டிக்குள் அமுக்கியிருக்க வேண்டும். தலையை. குமிழி வரும்வரை. வேண்டாம், மீனுக்கு ஆகாது. அட்டையில உங்க பேரு, உங்க மூஞ்சிதான் தலைவா, கையில ஒரு கோல்ட் ஃபிஷ்ஷோட, ஷூட்டிங்குக்கு முடி வெட்டிக்கிட்டு நீட்டா வாங்க என்று சொல்லிவிட்டுப் போனான். அண்ணன் முடி வெட்டிக்கொண்டு வந்தார். கல்யாணத்துக்கு எடுத்த சட்டையை இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டி வைத்தார். காலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார், சாயங்காலம் கழற்றி மாட்டினார், மறுநாளும் போட்டார். படம் எடுக்க ஒருத்தரும் வரவில்லை. புத்தகம்தான் வந்தது, அட்டையில் எந்த ஊர்ப் பிள்ளையோ கண்ணாடி ஜாடியைக் கட்டிக்கொண்டு சிரிக்கிறது. நானும் அண்ணனும் அவன் ஆபீசுக்குப் போனோம். ரைட்ஸோட வித்துட்டேன் தலைவா, இனிமே அது உலகத்துக்கே சொந்தம், பெருமையா நினைங்க என்றான். நான் பேசினேன். பேர் போடுறேன்னு சொன்னீங்களே என்று கேட்டேன், கேட்டேன்தான், என் காதுக்கு நன்றாகவே கேட்டது. அவன் காதருகே கையைக் குவித்துக்கொண்டு, சத்தமா பேசு தம்பி, கேக்கல என்றான். மறுபடி சொன்னேன். கேக்கல தம்பி. அங்கே வேலை பார்க்கிற பெண்கள் கம்ப்யூட்டருக்குப் பின்னால் சிரிப்பை அடக்கினார்கள். மூன்றாம் தடவைக்கு நிற்காமல் அண்ணனை இழுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டேன். பஸ்ஸில் கண்டக்டரிடம் ஊர்ப் பேர் சொன்னாலும் இரண்டு தடவை சொல்லவேண்டிய குரல் என்னுடையது, கடவுள் வால்யூமைப் பாதியில் வைத்துவிட்டான். குளிக்கும்போது அவனிடம் பேசுகிறேன். கேக்கல தம்பி. பல் துலக்கும்போது பேசுகிறேன், நுரையோடு. கேக்கல. இப்போதும் விரல் சாவிப்பலகையில் இருக்கிறது, வாய் தன்பாட்டுக்கு முனகுகிறது, அண்ணன் திரும்பிப் பார்க்கிறார். இன்னாடா? ஒண்ணும் இல்ல.

அவன் விற்ற புத்தகம் பல கை மாறித் துடைபட்டு மூட்டையோடு அவனிடமே திரும்பி வந்திருக்கிறது, அதைப் புதுசாக்கும் வேலை என்னிடம் வந்திருப்பது அவனுக்குத் தெரியாது. அவனுக்கும் எனக்கும் நடுவில் பிரியதர்ஷினி மேடம் இருக்கிறார், வேலை கொடுப்பதும் வாங்குவதும் அவர்தான், எனக்குப் பேர் நீல் கிரியேஷன்ஸ். என் பேர் நீலமேகம் என்று மேடத்துக்கும் தெரியாது. கோப்பைத் திறந்த உடனே அந்தத் தொட்டியைப் பார்த்தேன். உட்கார்ந்த இடத்திலேயே தோன்றிய முதல் யோசனை சுலபமானது: அண்ணன் நம்பரை எடுத்துவிட்டு அவன் நம்பரைப் போடு. திட்டெல்லாம் வாசல் மாறிப் போகட்டும். ஆனால் அவன் நம்பர் எது? சின்ன வயதில் கேட்ட கதைகளில் ராட்சசன் கோட்டை வாசலில் நின்று மார் தட்டுவான், வெட்டினாலும் சாகமாட்டான், உயிரை ஏழு கடலுக்கு அப்பால் ஒரு கிளிக்குள் வைத்திருப்பான். கேட்கிற எனக்கு அப்போதெல்லாம் ஒரே கவலை, கிளிக்கு யார் தினம் தீனி போடுவார்கள் என்று. இவனும் அப்படித்தான், வீடியோ வீடியோவாக மார் தட்டுகிறான், வருங்கால முதலாளிகளே வணக்கம் என்று. நம்பர் மட்டும் எங்கும் இல்லை. இணையதளத்தில் இருப்பது மேடத்தின் நம்பர். அதைப் போட்டால் திட்டு மேடத்துக்குப் போகும், பாவம், அவர் ஒவ்வொரு மெசேஜிலும் சாப்டீங்களா என்று கேட்பவர். அவன் அண்ணனிடம் கொடுத்திருந்த பழைய நம்பருக்கு அடித்துப் பார்த்தேன், எவனோ டைல்ஸ் ஒட்டுகிறவன் எடுத்தான். அப்படியானால் நம்பரை வெறுமனே அழித்துவிடலாம். அழித்தால் அண்ணனுக்கு நிம்மதி, அவனுக்கும் நிம்மதி. அவனுக்கு ஏன் நிம்மதி? இங்கேதான் சுற்றிச் சுற்றி வருகிறேன், தொட்டிக்குள் கண்ணாடியில் முட்டித் திரும்பி மறுபடி முட்டுகிற மோலி மீன் மாதிரி. அழி. அழிக்காதே. சாகட்டும். செத்தால் போன் எங்கே வரும்? இங்கே. வெயில் தகரத்திலிருந்து இறங்கிச் சுவருக்கு வந்துவிட்டது. ஏர் மோட்டார் கொரகொரவென்று ஓடிக்கொண்டே இருக்கிறது, அதற்கு ஒரு கவலையும் இல்லை.

போன் அடிக்கிறது. அண்ணன் கையைத் தண்ணீருக்குள்ளிருந்து எடுக்காமல், டேய் நீலா, அமுக்குடா என்கிறார். எழுந்து போய் கவரோடு ஸ்பீக்கரை அமுக்குகிறேன். ஹலோ, ஒரு புக்குல மீன் தொட்டி போட்டோவுல இந்த நம்பர் இருந்துச்சு, மீன் டாக்டருங்களா? மீன்காரங்க, சொல்லுங்க. தலைவா, என் பொண்ணோட கோல்ட் ஃபிஷ்ஷு தலைவா. அந்தத் தலைவா என் முதுகுத்தண்டில் இறங்குகிறது. அவன்தான். ஆயிரம் வீடியோ கேட்ட காது இது, வருங்கால முதலாளிகளே வணக்கம் என்கிற அதே தொண்டை, இப்போது மூச்சு வாங்குகிறது. பின்னால் ஒரு குழந்தை விம்முகிறது, ஜிங்கி செத்துப்போச்சாப்பா, ஜிங்கி செத்துப்போச்சா. ஒரு பெண் குரல், அழாதடி, டாக்டர்கிட்ட அப்பா பேசறாரில்ல. அவன் சொல்கிறான், வெள்ளை வெள்ளையா புள்ளி வந்துச்சு தலைவா, வைஃப் ஏதோ குரூப்புல வந்த புக்கை எடுத்து, அதுல இருந்தபடி உப்பைப் போட்டுட்டா, சாஞ்சு கெடக்குது. எவன் எழுதினான்னு தெரியல, ஃபிராடுப் பய, படிச்சுக்கூடப் பார்க்காம வித்திருக்கான். நான் போனுக்குக் கிட்டே குனிகிறேன். என் வாய் அந்த ஓட்டையிலிருந்து நாலு விரல் தூரத்தில் இருக்கிறது. எத்தனை நாள் குளியலறையில் பேசின பேச்சு, எல்லாம் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து இடித்துக்கொள்கிறது. நீதான்டா என்கிறேன். நீதான்டா அந்தப் பய. அவன் சொல்கிறான், யாரு பக்கத்துல பேசறது? சத்தமா பேசுங்க, கேக்கல.

அண்ணன் ஈரக் கையால் என் தோளைத் தொட்டுத் தள்ளுகிறார். எத்தினி லிட்டர் தொட்டிங்க? இருவது. எத்தினி ஸ்பூன் போட்டீங்க? இருவது. செவுளு அசையுதா பாருங்க. அசையுது, லேசா. சரி, மொத்தத் தண்ணியையும் மாத்திடாதீங்க, ஒரேயடியா மாத்துனா அந்த அதிர்ச்சியிலயே போயிடும். நேத்து பிடிச்சு வெச்ச தண்ணி இருக்குதா? ஒரு சொம்பு மொண்டு வெளிய ஊத்துங்க, ஒரு சொம்பு புதுசு விடுங்க. கால் மணிக்கு ஒருக்கா. ஏர் மோட்டாரை ஃபுல்லா வைங்க. தரையில சம்மணம் போட்டு உக்காந்து பார்த்துக்கினே இருங்க, எழுந்திருக்கக் கூடாது. எவ்ளோ நேரம் தலைவா? விடியறவரைக்கும். தலைவா, நாளைக்கு எனக்கு ஆன்லைன்ல பெரிய லான்ச்சு, வைஃப்கிட்ட வேணா ஊத்தச் சொல்றேனே. அதெல்லாம் கை மாறக் கூடாதுங்க, ஆரம்பிச்ச கைதான் முடிக்கணும். அப்புறம் ஒவ்வொரு சொம்புக்கும் எனக்குப் போன் பண்ணி எப்படி இருக்குன்னு சொல்லணும். இன்னாங்க, மீனு வேணுமா, லான்ச்சு வேணுமா? மீனுப்பா, மீனு என்று குழந்தை கத்துகிறது. சரி தலைவா, சரி தலைவா, நீங்க தெய்வம். போன் அணைகிறது. சொம்பு சொம்பாக மாற்றுவது சரிதான், அண்ணன் அப்படி மீட்டதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் கை மாறக் கூடாது என்பதை இந்த மாடியில் ஒரு நாளும் கேட்டதில்லை. அண்ணன் முகத்தைப் பார்க்கிறேன். மறுபடி தொட்டிக்குள் கையை விட்டுவிட்டார். அண்ணா, யாருன்னு தெரிஞ்சுதா? பாசியை ஒரு பந்தாக உருட்டி வெளியே எறிந்துவிட்டுச் சொல்கிறார், முடி வெட்டிக்கினு வரச் சொன்னவன்தான?

கிளி. கிளி கைக்கு வந்துவிட்டது. கவருக்குள் வெளிச்சமாக, கடைசியாக வந்த அழைப்பு, பத்து இலக்கம், அவன் வீட்டுத் தரையிலிருந்து நேராக வந்தது. லேப்டாப்புக்கு ஓடி வந்து படத்தைப் பெரிதாக்குகிறேன். தொட்டிச் சுவர் திரை முழுக்க நிற்கிறது. அண்ணன் எழுதின நம்பர்மேல் சிமென்ட் நிறத்தை எடுத்துப் பூசுகிறேன், ஒவ்வொரு இலக்கமாக, ஏழின் குறுக்குக் கோடும் மறைகிறது. அதே வெள்ளையில் அவன் நம்பர். திட்டுங்கள். சோறு தின்னாத பிள்ளைகளின் அப்பன்கள் எல்லாரும் வரிசையில் வாருங்கள், வைத்துத் திட்டுங்கள், அவன் குளிக்கும்போதும் சோற்றில் கைவைத்திருக்கும்போதும் திட்டுங்கள், லிட்டருக்கு ஒரு ஸ்பூன் அப்படியே இருக்கட்டும், ஆயிரம் மீன் சாகட்டும். ஜிங்கி என்று ஒரு குரல் காதுக்குள் ஓரமாக விம்முகிறது. ஆயிரம் ஜிங்கி. சீ, அது பாட்டுக்கு அழட்டும். அது பாட்டுக்கு அழாது. முதுகுக்குப் பின்னால் ஈர வாசனை, அண்ணன் நிற்கிறார், கையிலிருந்து தண்ணீர் தெர்மாகோலில் சொட்டுகிறது. இன்னாடா பண்ற? உன் நம்பரை எடுத்துட்டு அவன் நம்பரைப் போட்டுட்டேன். அண்ணன் சிரிப்பார் என்று நினைத்தேன். படத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், தன் தொட்டியில் யாரோ குடிவந்துவிட்ட மாதிரி. மொத்தமாவா எடுத்துட்ட? ஆமாண்ணா, இனிமே ஒரு நாயும் உன்னைத் திட்டாது. அப்ப போனே வராதா? எனக்குப் புரியவில்லை. அண்ணன் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டே சொல்கிறார், திட்டறவங்கள்ல பாதிப் பேரு திரும்பக் கூப்பிடுவாங்கடா. சேலத்துல ஒரு அம்மா, முதல்ல கண்ணு மண்ணு தெரியாம திட்டுச்சு, போன வாரம் குட்டி போட்டிருக்கு டாக்டர்னு கூப்பிட்டுச்சு. நான் டாக்டர் இல்லம்மான்னேன். எனக்கு நீதான் டாக்டருன்னுச்சு. சொல்லிவிட்டு அவர் நகர்ந்துவிட்டார், கப்பி மீன் தொட்டிப்பக்கம், ஒன்றும் கேட்காதவர் மாதிரி. இது எனக்குத் தெரியாது. திட்டுகிற போன்களின்போது மட்டும்தான் நான் பக்கத்தில் இருந்திருக்கிறேன். அட்டையில் மூஞ்சி வராத மனுஷனுக்கு அந்த வெள்ளைப் பெயின்ட் நம்பர்தான் அட்டை. அதைத்தான் இப்போது என் கையால் பூசி மறைத்தேன், எனக்கு முன்னால் துடைத்த அத்தனை பேரையும்விடச் சுத்தமாக.

பூசினதை எடுக்கிறேன். ஏழின் குறுக்குக் கோடு திரும்பி வருகிறது. ஓரம் வெட்டாத பழைய படம் என் போனில் இருக்கிறது, மேல்பாதியைக் கொண்டுவந்து ஒட்டுகிறேன், சற்குணம் மீன் பண்ணை. லிட்டர் என்றிருப்பதை அடித்துத் திருத்துகிறேன், பத்து லிட்டர் பக்கெட்டுக்கு ஒரு பெரிய ஸ்பூன், ரொம்பக் குட்டி மீனென்றால் அரை, அண்ணன் சொன்னபடி, காலால் தட்டினது மட்டும்தான் பாக்கி. அதையும் சேர்க்கிறேன், சற்குணம் பக்கெட்டைக் காலால் தட்டிச் சொன்னார் என்று. பக்கத்துக்குப் பக்கம் அவர் பேர், எவனும் தேடி மாற்றிவிட முடியாதபடி ஒவ்வொரு படத்துக்குள்ளும் பெயின்ட்டாக. பழி? பழியை யார் விட்டார்கள். நாலாம் அத்தியாயத்தில் தொட்டிச் சுவரில் இடம் மிச்சமிருக்கிறது, அண்ணன் எழுத்து மாதிரியே வெள்ளையில் எழுதுகிறேன். மேலே, மீன் உயிரோடு இருக்கும்போது கூப்பிட: சற்குணம், அவர் நம்பர். கீழே, செத்த பிறகு கூப்பிட: கிருபாகரன், இந்தப் புத்தகத்தை விற்றவர், அவன் நம்பர். பழைய அட்டையோடு ஊரெல்லாம் சுற்றுகிற புத்தகங்களால் செத்ததற்கும் சேர்த்து அவனே திட்டு வாங்கிக்கொள்ளட்டும். அனுப்பிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் பிரியதர்ஷினி மேடத்தின் பதில் வருகிறது, சார்கிட்ட காமிச்சேன், அவர் ஏதோ வேலையா இருக்கார், கவர் சூப்பர்னு சொல்லச் சொன்னார், நாளைக்கு அப்படியே ஏத்திடறோம், சாப்டீங்களா? என்ன வேலையென்று எனக்குத் தெரியும். தரையில் சம்மணம் போட்டு, ஒரு கையில் சொம்பு. உள்ளே புரட்டியிருக்கமாட்டான், புரட்டுகிற ஆளாயிருந்தால் அவன் வீட்டு மீன் ஏன் சாய்கிறது. புரட்டியிருந்தால் கடைசி வரியையும் பார்த்திருப்பான். அவன் நம்பருக்குக் கீழே அடைப்புக்குறி போட்டுச் சின்னதாக எழுதியிருக்கிறேன், இந்த எண்ணில் சத்தமாகப் பேசவும், சாருக்குக் கேட்காது. சுவர்மேல் போன் அடிக்கிறது. மறுபடி ஒரு கால் மணி ஆகிவிட்டது. அண்ணன் தொட்டிக்குள்ளிருந்து கையை எடுக்காமல், டேய் நீலா, அமுக்குடா என்கிறார்.